கொரோலா 110 கூலிங் கொயில் லீக்: டேஷ்போட் கழட்ட முதல் எப்படி உறுதிப்படுத்துறது?

கல்லடி_110 கேட்டது:

வாகனம் டொயோட்டா கொரோலா 110, 1998ஆம் ஆண்டு, 5ஏ எஞ்சின். ஏசிக்கு ஆர்134ஏ கேஸ். கேஸ் அடிச்சா நல்லாக் குளிருது. மூணு நாலு கிழமை போக மெல்ல மெல்லக் குறைஞ்சு கடைசியில வெறும் காத்துத்தான் வருது. இப்ப கொம்பிரசர் கிளட்ச் பிடிக்கிறதே இல்ல. எஞ்சின் நிப்பாட்டியிருக்க ரெண்டு கேஜும் 20 பிஎஸ்ஐ காட்டுது.

வெளியில கை எட்டுற மூட்டு எல்லாத்துக்கும் சவர்க்கார நுரை போட்டுப் பார்த்தாச்சு. கொண்டென்சர், கொம்பிரசர் மூக்கு, ரிசீவர் போத்தல், சார்ஜ் பண்ணுற ரெண்டு வால்வு, ஒண்டிலயும் குமிழி இல்ல. போன முறை கேஸோட யூவி சாயமும் போட்டது. எஞ்சின் பக்கம் யூவி டோர்ச் அடிச்சா ஒரு இடமும் மினுங்கல்ல. இடதுபக்கக் காலடிக் கார்ப்பட் வேற எந்த நேரமும் ஈரமாக் கிடக்கு.

ஒரு கராஜில லீக் அடைக்கிற டின் ஒண்டு போட்டாச் சரியாகும் எண்டாங்க. இன்னொரு இடத்தில டேஷ்போட் முழுக்கக் கழட்டணும் எண்டாங்க. மெனிஃபோல்ட் கேஜ் என்கிட்ட இருக்கு, வீட்டு ஏசி வேலை செய்யிற கூட்டாளி வக்யூம் பம்ப் தருவார். கூலிங் கொயில்தான் (டேஷ்போட்டுக்குள்ள காத்தைக் குளிராக்குற எவப்பரேட்டர்) போயிருக்கு எண்டு கழட்ட முதலே எப்படி நிச்சயப்படுத்துறது? டேஷ்போட் உண்மையிலே இறங்கணுமா? கொயிலோட வேற என்ன மாத்தணும், ஒயில் எவ்வளவு?

—

காத்தான்குடி_கூலிங் எழுதியது:

தம்பி, அந்த டின்னைப் போட்டுடாதீங்க. லீக் அடைக்கிற மருந்து ஈரத்தோடயும் வெளிக்காத்தோடயும் சேர்ந்து கட்டியாகிற சாமான். சிஸ்டத்துக்குள்ள கொஞ்சம் ஈரம் இருந்தாலே, கொயிலுக்குள்ள கேஸை அளந்து விடுற எக்ஸ்பான்ஷன் வால்வின்ட சின்னத் துவாரத்தில போய் அடைக்கும். பிறகு கேஸ் இறக்குறவரின்ட மெஷினுக்குள்ளயும் போகும். கொயில் ஓட்டை அப்படியேதான் கிடக்கும், அதோட வால்வும் கெட்டு நிக்கும்.

முதல்ல உங்கட கேஜ் சொல்லுறதைப் பார்ப்போம். சிஸ்டத்துக்குள்ள ஒரு கரண்டி திரவக் கேஸ் மிச்சம் இருந்தாலும், 32 பாகை வெயில்ல நிப்பாட்டின வண்டியில ரெண்டு கேஜும் 100 பிஎஸ்ஐக்குக் கிட்டக் காட்டும். 200 கிராம் இருந்தாலும் அதே 100தான், 600 கிராம் இருந்தாலும் அதே 100தான். நிப்பாட்டின வண்டியில கேஜைப் பார்த்து கேஸ் அளவு சொல்லவே ஏலாது. ஆனா 20 காட்டினா திரவம் ஒரு சொட்டும் இல்ல, உள்ள இருக்கிறது மிச்ச ஆவி மட்டும். பிரஷர் சுவிட்ச் 28 பிஎஸ்ஐ மட்டிலயே கிளட்சைக் கட் பண்ணிடும். கிளட்ச் பிடிக்காததுக்குக் காரணம் அவ்வளவுதான். ரிலே, கிளட்ச் கொயில் எண்டு தேடிக் காசு செலவழிக்காதீங்க. சுவிட்சை வயரால நேரா இணைச்சு ஓட விடவும் வேணாம். ஒயில் கேஸோட சேர்ந்துதான் சுத்துது. கேஸ் இல்லாம ஓடினா கொம்பிரசர் வறண்டு பிடிச்சுடும்.

கார்ப்பட் ஈரம் வேற விஷயம். கேஸ் லீக் ஆனாத் தண்ணி வராது. அது கொயில்ல காத்து குளிரும்போது வடியிற தண்ணி, வெளிய போற ட்ரெய்ன் குழாய் அடைச்சு உள்ளுக்கு வழியுது. தொட்டுப் பாருங்க. பிசுக்கா, இனிப்பு மணத்தோட இருந்தா அது ஹீட்டர் கொயில்ல இருந்து வாற கூலன்ட், அதுக்கு வேற வைத்தியம். வெறும் தண்ணி எண்டா ட்ரெய்ன்தான். ஆனா இந்த ரெண்டு குறையும் ஒண்டுக்கொண்டு சொந்தம். ட்ரெய்ன் அடைச்ச பெட்டியில கொயிலின்ட அடிப்பக்கம் சேத்துத் தண்ணிக்குள்ளயே ஊறிக் கிடக்கும். 110க்கு உள்காத்து ஃபில்டரும் இல்ல. வேப்பம் சருகு, கடற்காத்து உப்பு, றோட்டுத் தூசி எல்லாம் அந்தச் சேத்திலதான் தங்கும். அலுமினியம் அடியில இருந்துதான் அரிச்சுக்கொண்டு வரும்.

இனி உறுதிப்படுத்துற வழி. ஒரு 100 கிராம் கேஸ் போடுங்க, நிப்பாட்டின நிலையில 50 பிஎஸ்ஐக்கு மேல நிண்டாப் போதும். கண்ணாடி எல்லாம் ஏத்திட்டு, ப்ளோவரை உச்சத்தில 15 செக்கன் ஓட விட்டு நிப்பாட்டுங்க. பிறகு 15 நிமிஷம் சும்மா விடுங்க. ஆர்134ஏ காத்தை விடப் பாரம், கொயில் பெட்டியின்ட அடியிலதான் தேங்கும். எலக்ட்ரோனிக் டிடெக்டரின்ட நுனியை ட்ரெய்ன் குழாய் வாயில பிடிங்க, தண்ணியை உறிஞ்ச விட்டுடாதீங்க, சென்சர் போயிடும். அடுத்ததா க்ளவ் பொக்ஸுக்குப் பின்னால ப்ளோவர் ரெஸிஸ்டரைக் கழட்டி அந்த ஓட்டைக்குள்ள பிடிங்க. ரெண்டு இடத்திலயும் கத்தினா கொயில்தான். காருக்குள்ள தொங்குற வாசனைப் போத்தல், சீட் கழுவுற நுரை, இதுகளுக்கும் சில டிடெக்டர் கத்தும். அதுகளை முதல்ல எடுத்து வெளிய வெச்சிடுங்க.

யூவி டோர்ச்சை எஞ்சின் பக்கம் அடிச்சது சரி, ட்ரெய்ன் வாய்க்கு அடிச்சீங்களா? கொயில் லீக் எண்டா சாயத்தை வடியிற தண்ணி கழுவிக்கொண்டு போய் அங்கதான் மஞ்சள் பச்சையா விடும். மஞ்சள் கண்ணாடி போட்டுக்கொண்டு, இருட்டினாப் பிறகு பாருங்க.

—

காரைதீவு_ஒட்டோ எழுதியது:

மேலே சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். டிடெக்டர் கிடைக்காவிட்டால், அல்லது அது சொல்வதில் சந்தேகம் இருந்தால், நைட்ரஜன்தான் தீர்ப்புச் சொல்லும். பொனட்டுக்குள் சுவரோடு வரும் இரண்டு ஏசி பைப்பையும் கழற்றி, கொயில் பக்க வாய்களை அடைப்புப் போட்டு மூடி, ஒன்றில் வால்வு வைத்து கொயிலுக்கு மட்டும் 150 பிஎஸ்ஐ உலர் நைட்ரஜன் கொடுங்கள். ஒரு மணித்தியாலம் விடுங்கள். வெயில் ஒரு பாகை ஏறி இறங்கினால் அரை பிஎஸ்ஐ மட்டில் கேஜும் ஆடும், அதைக் கழித்துப் பாருங்கள். 10, 20 என்று இறங்கினால் கேள்வியே இல்லை. சிலிண்டருக்கு ரெகியுலேட்டர் இல்லாமல் இந்த வேலையைத் தொடவே கூடாது, நிறைந்த நைட்ரஜன் சிலிண்டருக்குள் 2000 பிஎஸ்ஐக்கு மேல் இருக்கிறது. வெல்டிங் கடையில் ஒட்சிசன் சிலிண்டர் பக்கத்தில் நிற்கும், அதை ஒருபோதும் ஏற்றாதீர்கள்: ஒயிலோடு ஒட்சிசன் அழுத்தத்தில் சேர்ந்தால் வெடிக்கும். டயருக்கு அடிக்கும் காற்றும் வேண்டாம், அதில் ஈரம் இருக்கிறது.

டேஷ்போட் விஷயம். 110இல் முழு டேஷ்போட்டும் இறங்கத் தேவையில்லை. வலதுபக்க ஸ்டியரிங் வண்டியில் கூலிங் யூனிட் இடதுபக்கம், க்ளவ் பொக்ஸுக்குப் பின்னால், ப்ளோவருக்கும் ஹீட்டருக்கும் நடுவில் தனிப் பெட்டியாக நிற்கிறது. கொரோலா 121இலும் அதற்குப் பிறகு வந்தவற்றிலும் ஹீட்டரும் கூலரும் ஒரே பெட்டி, அங்கேதான் டேஷ்போட் இறக்கும் கதை. உங்களுக்குச் சொன்னவர் 121ஐ நினைத்துச் சொல்லியிருக்கலாம்.

பட்டரி நெகட்டிவ்வைக் கழற்றி 90 செக்கன் பொறுங்கள், எயார்பேக் இருந்தால் அது கட்டாயம். மிச்சக் கேஸை மெஷினில் இறக்குங்கள், வெளியில் விடாதீர்கள். ஆர்134ஏ ஒரு கிலோ, 1430 கிலோ காபனீரொட்சைட்டுக்குச் சமமாகப் பூமியைச் சூடாக்குகிறது. பொனட்டுக்குள் பைப் மூட்டுகள் சில வண்டியில் 10 நம்பர் போல்ட் ஒன்றில் நிற்கும், சிலதில் நட் இருக்கும். நட் என்றால் இரண்டு ஸ்பெனர் கட்டாயம்: ஒன்றால் பிடித்து மற்றதால் திருப்புங்கள். ஒரே ஸ்பெனரால் முறுக்கினால் அலுமினியக் குழாய் முறுகிக் கிழியும், பிறகு அந்தப் பைப்பையும் தேட வேண்டும். மூட்டு திறந்த கையோடு பிளாஸ்டிக் மூடியும் டேப்பும் போட்டு அடையுங்கள். மட்டக்களப்பு ஈரக்காற்றில் திறந்து விட்ட பைப் நிமிடக் கணக்கில் ஈரம் குடிக்கும். கச்சான் (சூடான உலர் காற்று) அடிக்கும் நாளில் இந்த வேலையை வைத்துக்கொள்வது நல்லது. மாரிக்குள் செய்வதென்றால் புதுக் கொயில் கைக்கு வரும்வரை சிஸ்டத்தைத் திறக்காதீர்கள்.

உள்ளே க்ளவ் பொக்ஸ், அதன் கீழ் மூடி, குறுக்கே போகும் இரும்புத் தாங்கி, இந்த ஒழுங்கில் வரும். யூனிட்டின் மேலே உள்ள வயர் இணைப்புகளைப் பிரித்து, போல்ட், நட் எல்லாம் எடுத்தபின் பெட்டி உங்கள் பக்கம் நேராக இழுபட்டு வரும். வராவிட்டால் இழுத்து உடைக்க வேண்டாம், ஒரு நட் மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம். பெரும்பாலும் அது ப்ளோவர் பக்கம் சேரும் இடத்தில் ஒளிந்திருக்கும். கீழே பழைய துவாய் விரியுங்கள், தண்ணீரும் ஒயிலும் ஊற்றும்.

பெட்டியைப் பிரித்ததும் ஒன்றையும் கழுவாதீர்கள், முதலில் பாருங்கள். கொயிலின் அடி மூலையில் தூசி ஒரு இடத்தில் மட்டும் கறுத்துப் பிசுபிசுத்து ஒட்டியிருக்கும், விரல் வைத்தால் ஒயில் மினுங்கும். சுற்றிலும் தகடுகள் வெள்ளைத் தூளாக உதிரும். யூவி அடித்தால் அந்த இடம் மட்டும் பச்சையாக எரியும். ஓட்டை அங்கேதான். அப்படியில்லாமல், குழாய் வால்வோடு சேரும் ஓ-ரிங் பக்கம் மட்டும் ஒயில் இருந்து, கொயில் நைட்ரஜனில் நின்று பிடித்தால், மாற்ற வேண்டியது சில ரூபாய் ஓ-ரிங் மட்டும். கடைக்கு ஓட முதல் இதைக் கட்டாயம் பாருங்கள்.

குளிர் பார்க்கும் தெர்மிஸ்டர் கம்பி எந்த வரிசைத் தகட்டில், எவ்வளவு ஆழத்தில் குத்தியிருக்கிறது என்று ஃபோட்டோ எடுத்துவிட்டுத்தான் உருவ வேண்டும்.

பழைய கொயிலை ஒட்டும் பேச்சுக்குப் போகாதீர்கள். தகடு அவ்வளவு மெல்லியது. ஒரு இடத்தில் வெல்டிங் சூடு பட்டால் பக்கத்தில் அரித்துப்போன இடம் விட்டுவிடும். கொழும்பு பஞ்சிகாவத்தையில் ஜப்பான் வண்டிகளில் கழற்றிய பழைய கொயில் கிடைக்கும், ஆனால் அதுவும் உங்களுடையதைப் போல இருபது வருடத்துக்கு மேல் ஈரத்தில் இருந்த சாமான். இந்த வேலையில் பெருஞ்செலவு கழற்றிப் பூட்டும் கூலி. அதை இரண்டு முறை கொடுப்பதை விட ஒரு முறை புதுக் கொயில் போடுவது மலிவு. புதியது வாங்கும்போது பழையதைக் கையில் கொண்டுபோய்த் தடிப்பு, குழாய் வளைவு, வாயின் அளவு மூன்றையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். நல்ல புதுக் கொயிலின் மூடியைத் திறக்கும்போது உள்ளே அடைத்த நைட்ரஜன் உஸ்ஸென்று வரும். வராவிட்டால் பூட்ட முதல் 150 பிஎஸ்ஐ ஏற்றி வாளித் தண்ணீரில் அமுக்கிப் பாருங்கள்.

—

கல்லடி_110 எழுதியது:

பெரிய உதவி நானா, அண்ணா. ட்ரெய்ன் வாய்க்கு யூவி அடிச்சாப் பச்சையா இருக்கு. ரெஸிஸ்டர் ஓட்டையில டிடெக்டரும் விடாமக் கத்துது. கழட்டத் தொடங்குறன்.

இன்னும் ரெண்டு கேள்வி. எக்ஸ்பான்ஷன் வால்வையும் சேர்த்து மாத்தணுமா? மற்றது, ஒரு கடையில ஆர்134ஏக்குப் பதிலா வேற ஒரு கேஸ் மலிவாக் குடுக்கிறாங்க, குறைய அடிச்சாலே கூடக் குளிரும் எண்டு. அது சரிவருமா?

—

ஏறாவூர்_டென்சோ எழுதியது:

மலிவுக் கேஸை விடுங்க. குறைய அடிச்சாலே கூடக் குளிரும் எண்டு விக்கிறது பெரும்பாலும் புரொப்பேன், பியூட்டேன் கலவை, அடுப்புக்குப் பாவிக்கிற இனம். வீட்டு ஃப்ரிஜ்ஜில அந்த இனக் கேஸ் இருக்கு, ஆனா அது சில பத்துக் கிராம், அதுக்கெண்டே செய்த பெட்டி. காரில கொயில் இருக்கிறது ஆட்கள் இருக்கிற இடத்துக்குள்ள. திரும்ப லீக் ஆனா அது சேர்றது உங்கட காலடியில, பக்கத்திலேயே ப்ளோவர் மோட்டர் பொறியோட.

அதை விட மோசம் ஆர்134ஏ எண்டு பேர் போட்டு வாற போலி டின். அதுக்குள்ள ஆர்40, அதாவது மெதில் குளோரைட் கலந்திருந்தா, அது அலுமினியத்தோட சேர்ந்து காத்துப் பட்டாலே தீப்பிடிக்கிற சாமானாக மாறும். 2011இல கப்பல்ல ஏத்துற குளிர்ப் பெட்டிகள் வெடிச்சு வேலையாட்கள் செத்தது இந்தக் கலப்படத்தாலதான். காரில கொயில், கொண்டென்சர் எல்லாமே அலுமினியம். ஆனபடியா டின்னோ சிலிண்டரோ, தெரிஞ்ச இடத்தில, சீல் உடையாம வாங்குங்க. சிலிண்டர் எண்டா ஒரு சின்னச் சோதனை இருக்கு: நிழல்ல ஒரு இரவு வெச்சு, காலமை கேஜ் போட்டுப் பாருங்க. சுத்தமான ஆர்134ஏ 28 பாகையில 90 பிஎஸ்ஐ மட்டில நிக்கணும். 10, 15 விலகினா வாங்காதீங்க. ஆர்40க்கு மட்டும் இந்தச் சோதனை போதாது, கொஞ்சமாக் கலந்திருந்தாக் கேஜில பிடிபடாது.

வால்வைப் பொறுத்தவரை என்ட கருத்து: பார்த்துட்டு முடிவெடுங்க. வால்வுக்குள்ள திரவம் வாற வாயை வெளிச்சத்தில பிடிங்க. சுத்தமா, மெல்லிசா ஒயில் மட்டும் இருந்தா வால்வு நல்லம். சாம்பல் நிறத்தில மினுங்குற அலுமினியத் தூள் இருந்தா கொம்பிரசர் தேயுது எண்டு அர்த்தம். அப்ப கொயிலை மட்டும் மாத்துறதில பிரயோசனமே இல்ல. அந்தத் தூள் புது வால்வையும் அடைக்கும். கறுப்பாத் தார் போல இருந்தா ஒயில் எரிஞ்சிருக்கு, பைப்பெல்லாம் கழுவணும், ரிசீவரும் கொண்டென்சரும் மாத்தணும்.

—

காத்தான்குடி_கூலிங் எழுதியது:

தூள் பார்க்கிறது சரி. ஆனா சுத்தமா இருந்தாலும் வால்வை மாத்துங்க எண்டுதான் நான் சொல்லுவன். வால்வு கொயில் பெட்டிக்குள்ளதான் இருக்கு. 1998ஆம் ஆண்டு வால்வு அடுத்த வருஷம் இறுகினா இதே க்ளவ் பொக்ஸ், இதே தாங்கி, இதே கேஸ், எல்லாம் திரும்ப. கொயில் விலையோட பார்த்தா வால்வு பெரிய காசில்ல.

பூட்டேக்க ஒண்டைக் கவனிங்க. உங்கட வால்வு மயிர்க்குழாயும் நுனியில குமிழும் உள்ள இனம் எண்டா, அந்தக் குமிழைக் கொயில்ல இருந்து வெளியேறுற குழாயில, குழாயைப் பளபளப்பா உரசிட்டு, இறுக்கிக் கட்டி, மேல கறுப்பு இன்சுலேஷன் டேப்பைத் தடிப்பாச் சுத்தணும். குமிழ் தளர்ந்தா அது குழாய்க் குளிரை விட்டுட்டுப் பெட்டிக் காத்தின்ட சூட்டைப் பார்க்கும், வால்வு அளவுக்கு மீறித் திறக்கும், திரவம் கொம்பிரசருக்குப் போகும். கட்டி மாதிரி இனம் எண்டா இந்தக் கதை இல்ல. ரெண்டு சின்ன அலன் போல்ட் மட்டும், அதை மெல்லமா இறுக்குங்க, அலுமினிய மரை லேசில போகும். பொனட் பக்கம் 10 நம்பர் போல்ட்டும் 10 நியூட்டன் மீட்டருக்கு மேல வேணாம். ஓ-ரிங்தான் ஒழுக்கை நிப்பாட்டுது, போல்ட்டின்ட பலம் இல்ல. ஓ-ரிங் ஆர்134ஏக்கெண்டு வாறதையே வாங்குங்க, அனேகமாப் பச்சை நிறம். கொம்பிரசர் ஒயில் தடவிப் போடுங்க. பழசை ஒண்டும் திரும்பப் போடாதீங்க.

பெட்டி மூட முதல் ரெண்டு பாதியையும் சவர்க்காரம் போட்டுக் கழுவி, கொயிலைச் சுத்தியுள்ள ஃபோம் பட்டியைப் புதுசா ஒட்டுங்க. அது இல்லாட்டி காத்து கொயிலைத் தொடாமச் சந்தாலயே போகும், தண்ணித் துளியும் காத்தோட வெளிய பறக்கும். பெட்டிக்குள்ள அரை லீட்டர் தண்ணி ஊத்தி, ட்ரெய்ன் வாயால ஓடுதா எண்டு வெளியிலயே பாருங்க. வண்டிக்குள்ள பூட்டினாப் பிறகு பார்த்தா நேரம் போச்சு.

—

சம்மாந்துறை_வக்யூம் எழுதியது:

ஒயில், வக்யூம், கேஸ் மூன்றையும் யாரும் இன்னும் சொல்லவில்லை. கொயில் நீடிப்பதும் கொம்பிரசர் நீடிப்பதும் இந்த மூன்றில்தான்.

ஒயில்: டென்சோ கொம்பிரசருக்கு என்டி-8, அது பிஏஜி 46 வகை. கொயில் மாற்றினால் 40 மில்லி, ரிசீவர் மாற்றினால் 10 முதல் 15 மில்லி. பாமசியில் வாங்கும் சிரிஞ்சால் அளந்து புதுக் கொயிலின் குழாய்க்குள் விடுங்கள். கூட விட்டால் நல்லது என்று நினைக்க வேண்டாம், மிஞ்சிய ஒயில் கொயிலின் உட்சுவரில் படிந்து குளிரைக் குறைக்கும். பிஏஜி ஒயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும் இயல்புடையது. போன வருடம் திறந்து மூடி வைத்த போத்தல் இருந்தால் அதை விட்டுவிட்டுச் சிறிய புது டின் வாங்குங்கள். இதைப் படிக்கும் அக்குவா, ப்ரியஸ் வைத்திருப்பவர்களுக்கு: உங்கள் கொம்பிரசர் மின்சாரத்தில் ஓடுவது, அதற்கு என்டி-11 மட்டும்தான். பிஏஜி கொஞ்சம் கலந்தாலும் காப்புத்தன்மை போய், வண்டி உயர்மின் கோளாறு காட்டும். மேலே சொன்ன ஒயில் கணக்கை அப்படியே எடுக்காதீர்கள்.

ரிசீவர் போத்தல்: கட்டாயம் மாற்றுங்கள். கொயில் மாற்றச் சிஸ்டத்தைத் திறக்கும்போது ஈரக்காற்று உள்ளே போகும், பழைய போத்தலில் உள்ள ஈரம் உறிஞ்சும் மணிகள் நிறைந்துவிடும். எல்லா மூட்டும் பூட்டி முடிந்த பிறகுதான் புதுப் போத்தலின் மூடியைத் திறக்க வேண்டும், திறந்தவுடன் பூட்டி வக்யூமுக்குப் போய்விடுங்கள்.

வக்யூமுக்கு முன்னால் முழு சிஸ்டத்துக்கும் 150 பிஎஸ்ஐ நைட்ரஜன் போட்டு, எல்லா மூட்டுக்கும் நுரை. வக்யூம் மட்டும் பிடித்து "நிற்கிறது, லீக் இல்லை" என்பது பெரிய நம்பிக்கைத் துரோகம். வக்யூமில் வெளிக்காற்றின் அழுத்தம் 14.7 பிஎஸ்ஐதான், அதுவும் ஓ-ரிங்கை எதிர்ப்பக்கமாக அமுக்கும். ஓடும்போது மேல்பக்கம், அதாவது உயர் அழுத்தப் பக்கம், 200க்கு மேல்.

கூட்டாளியின் பம்பைப் பாவிக்கலாம், ஆனால் முதலில் பம்ப் ஒயிலைப் பாருங்கள். பால் நிறமாக இருந்தால் மாற்றிவிட்டுத்தான் தொடங்க வேண்டும். வீட்டு ஏசி கேஸ் ஓடிய ஹோஸையும் கேஜையும் பாவிக்காதீர்கள், உங்களுடையதே போதும். 45 நிமிடம் ஓடட்டும். 30 பாகையில் தண்ணீர் கொதித்து ஆவியாக, உள்ளே அழுத்தம் 32 மில்லிமீட்டர் பாதரசத்துக்குக் கீழே போக வேண்டும். ஊசிக் கேஜில் அது பூச்சியத்துக்குக் கீழே 730 மில்லிமீட்டரைத் தாண்டும் இடம். ஆகவே 750 வரை இறங்காமல் 700இல் தொங்கிக்கொண்டு நின்றால் எத்தனை மணித்தியாலம் ஓட்டினாலும் ஈரம் வெளியேறாது. பம்போ ஹோஸோ பிழை. நாம் கடல் மட்டத்தில் இருக்கிறோம், முழு அளவும் கேஜில் வர வேண்டும். பிறகு வால்வை மூடி அரை மணித்தியாலம் விடுங்கள். ஊசி கொஞ்சம் ஏறி நின்றுவிட்டால் ஈரம் மிச்சம், திரும்ப ஓட்டுங்கள். நிற்காமல் ஏறிக்கொண்டே போனால் லீக்.

கேஸ்: பொனட்டின் உள்பக்க ஸ்டிக்கரில் கிராம் அளவு இருக்கும். தராசில் வைத்து அந்த அளவுக்கு. ஹோஸுக்குள் இருக்கும் காற்றை முதலில் வெளியேற்றுங்கள். எஞ்சின் ஓடாத நிலையில் மேல்பக்கத்தால் திரவமாகப் பாதி, பிறகு மேல்பக்க வால்வை மூடி, எஞ்சின் ஓட விட்டு, கீழ்ப்பக்கத்தால் (தாழ் அழுத்தப் பக்கம்) ஆவியாக மிச்சம். எஞ்சின் ஓடும்போது மேல்பக்க வால்வு திறந்தால் 200 பிஎஸ்ஐ டின்னுக்குள் திரும்பும், கையிலேயே வெடிக்கும்.

ஸ்டிக்கர் அழிந்திருந்தால் கதவைத் திறந்து வைத்து, ப்ளோவர் உச்சம், உள்காற்று, 1500 ஆர்பிஎம். நிழலில் 30 முதல் 35 பாகை வெப்பத்தில் கீழ்ப்பக்கம் 22 முதல் 36, மேல்பக்கம் 200 முதல் 230 பிஎஸ்ஐ வரும்வரை கொஞ்சம் கொஞ்சமாக. ரிசீவர் கண்ணாடியில் நுரை தெளிவதும் துணைக்குப் பார்க்கலாம், அதை மட்டும் நம்பி நிறுத்த வேண்டாம். கச்சான் நாளில் மேல்பக்கம் இதை விட ஏறும், அது குறையல்ல. இரண்டும் உயர்ந்து நின்றால் கேஸ் கூடிவிட்டது, அல்லது கொண்டென்சர் அடைத்திருக்கிறது, அல்லது ஃபேன் சுற்றவில்லை. முன்னால் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். மேல்பக்கம் உடனே இறங்கினால் கேஸ் அளவைத் தொட முன் கொண்டென்சரையும் ஃபேனையும் பாருங்கள். முதலில் நன்றாகக் குளிர்ந்து, சிறிது நேரத்தில் கீழ்ப்பக்கம் வக்யூமுக்கே போய், நிறுத்திவிட்டுப் போட்டால் திரும்பச் சரியானால், ஈரம் வால்வில் ஐஸாகி அடைக்கிறது. ரிசீவரையும் வக்யூமையும் திரும்பச் செய்ய வேண்டும், குறுக்கு வழி இல்லை. கீழ்ப்பக்கம் உயர்ந்து மேல்பக்கம் தாழ்ந்தால் கொம்பிரசர் பலமில்லை.

—

காரைதீவு_ஒட்டோ எழுதியது:

தெர்மிஸ்டர் பற்றி ஒரு சொல் விடுபட்டுவிட்டது. புதுக் கொயிலில் அதைப் பழைய இடத்திலேயே, பழைய ஆழத்திலேயே குத்துங்கள். மேலோட்டமாக வைத்தால் அது கொயிலின் உண்மைக் குளிரைக் காணாது, கொம்பிரசர் நிற்காது, கொயில் ஐஸ் பிடிக்கும். அடையாளம் இதுதான்: புறப்பட்டு நன்றாகக் குளிரும், களுவாஞ்சிக்குடி தாண்டக் காற்றின் வேகம் குறையும், ப்ளோவர் சத்தம் அதே அளவு கேட்கும். வண்டியை நிறுத்தினால் கீழே வழமைக்கு மாறாகத் தண்ணீர் கொட்டும். அது கேஸ் குறைவு என்று நினைத்துப் பலர் கேஸைக் கூட்டுகிறார்கள். பூட்ட முதல் ஓம் மீட்டரால் பாருங்கள்: 25 பாகையில் ஒன்றரை கிலோ ஓம் மட்டில் இருக்க வேண்டும், ஐஸ் தண்ணீரில் நனைத்தால் தெளிவாக ஏற வேண்டும். நடு வாயில் வெப்பமானி வைத்து 6 முதல் 10 பாகை வரும்வரை, அரை மணித்தியாலம் ஓடியும் காற்று குறையாதவரை, க்ளவ் பொக்ஸைத் திருப்பிப் பூட்டாதீர்கள். பழைய கொயிலையும் அதுவரை எறிய வேண்டாம், கம்பி குத்தியிருந்த தடம் அதில்தான் இருக்கிறது.